பதினொரு வருஷத்துப் பாசி

அத்தானின் சட்டைப் பையில் பேனா இருந்து நான் பார்த்ததே இல்லை. அங்கே எப்போதும் மூன்று பழைய பல் பிரஷ்கள் இருக்கும், தலை வெளியே தெரியும்படி. காலையில் கிளம்பும்முன் ஜன்னலோரம் நின்று, ஒவ்வொன்றின் மயிரையும் கட்டைவிரலால் ஒருமுறை மேலும் கீழும் தடவிப் பார்ப்பார். முரடானது இடது ஓரம். அது கல்லில் படியும் வெள்ளை உப்புக் கறைக்கு. சுமாரானது நடுவில். அது வழுக்குகிற பச்சைக்கு. மயிர் சாய்ந்து பஞ்சுபோல் ஆகிவிட்டது வலது ஓரம். அது மோட்டாருக்குள் சுழலும் சின்னச் சக்கரத்துக்கு. வரிசை மாறியிருந்தால் எடுத்து மறுபடி அடுக்குவார். பிறகு பையின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அதற்கப்புறம்தான் செருப்பு.

எங்கள் வீட்டில் யாருடைய பல் பிரஷும் அதன் ஆயுள் முடியும்வரை வாயில் இருந்ததில்லை. நான் வாயில் நுரையோடு நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்று உற்றுப் பார்ப்பார்.

"மச்சான், இது இன்னும் எத்தனை நாள் ஓடும்?"

"வாங்கி ஒரு மாசம்தான் ஆகுது அத்தான்."

"மயிரு சாயுதே. என்கிட்ட குடுத்தா நல்ல வேலைக்குப் போகும்."

"ஏன், பல்லு தேய்க்கிறது நல்ல வேலை இல்லையா?" என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்பாள்.

"பல்லு என்னைக்கா இருந்தாலும் விழும். கல்லு நிக்கும்."

"அப்போ போய்க் கல்லையே கட்டியிருக்க வேண்டியதுதானே!"

இந்தப் பேச்சு வாரத்துக்கு இரண்டு முறை வரும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அவர் வேலை செய்வது தோட்டத்துக்கான கல் நீரூற்றுகள் விற்கும் கடையில். கடை என்றால் கூரை கொஞ்சம், முற்றம் நிறைய. நுழைந்தவுடன் இருபது நீரூற்றுகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும். விற்பது, வீட்டுக்குக் கொண்டுபோய் ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துவது, பிறகு மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சுத்தம் செய்வது, எல்லாம் அவர்தான். கடையில் அவர் பெயர் பிரஷ். "பிரஷ் அண்ணனைக் கூப்பிடு" என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்த என்னையே ஒருமுறை "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று வாசலோடு அனுப்பப் பார்த்தார்கள்.

வருகிறவர்கள் கண்ணால் தேர்ந்தெடுக்கத்தான் வருவார்கள். அத்தான் விடமாட்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நீரூற்றுக்கு முதுகு காட்டிப் போடுவார். மற்ற எல்லா மோட்டாரையும் நிறுத்திவிட்டு அதை மட்டும் ஓட விடுவார்.

"பத்து நிமிஷம் திரும்பாதீங்க. பாக்கிறது ரெண்டு நாள்ல பழகிடும். கேக்கிறதுதான் வருஷக்கணக்கா கூடவே இருக்கும்."

இந்த வழக்கம் அவருக்கு ஒரு திரும்பி வந்த நீரூற்றிலிருந்து கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், உயரத்திலிருந்து ஒல்லியாகத் தண்ணீர் விழும் ஒன்றை ஒரு பெரிய குடும்பத்துக்கு விற்றிருக்கிறார். பார்க்க ராஜா மாதிரி இருக்குமாம். மூன்றாவது வாரம் குடும்பத் தலைவர் நேரில் வந்துவிட்டார். "இதைத் தூக்கிட்டுப் போயிடுங்க. சத்தம் கேட்டுக் கேட்டு வீட்ல ஏழு பேரும் பாத்ரூம் வாசல்லயே வரிசையில நிக்கிறோம்." அன்றிலிருந்துதான் நாற்காலி.

அக்காவையும் அந்த நாற்காலியில்தான் முதலில் பார்த்திருக்கிறார். அவள் மருந்துக் கடையில் வேலை செய்பவள். டாக்டர் ஒருவர் தன் கிளினிக் வாசலுக்கு நீரூற்று வாங்க வந்தபோது, கூட வந்தவள். டாக்டர் ஃபோனில் பேசப் போய்விட, நாற்காலியில் உட்கார நேர்ந்தது அவளுக்கு. பத்து நிமிஷம் முடிந்ததும், "இதுல கொர்ருன்னு ஒரு சத்தம் வருதே, சளி பிடிச்ச மாதிரி" என்றாளாம். மோட்டார் வாயில் ஒரு இலை மாட்டியிருந்தது. கடையில் யாருடைய காதுக்கும் எட்டாத சத்தம். "அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்பார் அத்தான். "அந்த ஆளு என் முதுகைப் பாத்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டவரு" என்பாள் அக்கா.

நான் அவர்களோடு இருக்கிறேன். ஒரு அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது, பார்க்க வரும். நான் படிக்கும் கவிதைப் புத்தகங்களை அத்தான் புரட்டிப் பார்த்துவிட்டு, "முக்கால் பக்கம் காலியா இருக்கே, மை தீர்ந்துடுச்சா?" என்பார். பிறகு அதே பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். நான் எழுத வந்த விஷயம் இது இல்லை. பிரஷ் அண்ணன் தன் வாழ்க்கையில் செய்த மிகச் சுத்தமான வேலையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

போன வருஷம் கடைக்கு ஒரு ஃபோன் வந்தது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் வானிலை அலுவலகத்தில் இருந்தவர். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவரை வானிலை சார் என்பார்கள். சாருக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து, நடக்கப் பழக்கும் வார்டில் இருந்தார். வீடு திரும்ப ஆறு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். தோட்டத்து நீரூற்றை அவர்தான் இத்தனை வருஷமும் தானே பார்த்துக்கொண்டார். இப்போது மோட்டார் முனகுகிறது.

"நல்லாச் சுத்தம் பண்ணி வைங்க தம்பி. அவரு வந்து பாத்து அசந்து போகணும்" என்று டீச்சர் சொல்லிவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, மருத்துவமனைக்குப் போய்விட்டார்.

அத்தான் கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டாராம். அது அவர் விற்ற முதல் நீரூற்று. இடுப்பளவு உயர மணற்கல். நடுவில் குடைந்த துளை வழியாகத் தண்ணீர் ஏறி, உச்சியில் பொங்கி, பக்கங்களில் மெல்லிய சத்தத்தோடு வழுக்கி இறங்கிக் கூழாங்கற்களுக்குள் மறையும். நாற்காலி எல்லாம் வருவதற்கு முந்தைய காலம். வானிலை சார் தானாகவே அதற்கு முதுகைத் திருப்பி நின்று கேட்டுவிட்டு வாங்கிப் போனவர். பதினொரு வருஷம் கழித்து அத்தான் அதைப் பார்க்கிறார். தண்ணீர் ஓடாமல் சாரல் மட்டும் படுகிற பக்கம் முழுக்க, கழுத்திலிருந்து அடிவரை, பச்சை.

அவர் அகராதியில் பச்சை என்றால் அழுக்கு. அவரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரில் வரும் வழுக்குப் பாசிதான் அவர் தினமும் சண்டை போடும் எதிரி. மோட்டாரை அடைக்கும், நாற்றம் வரும், கொசு வரும். மூன்று பிரஷையும் வெளியே எடுத்தார். வினிகர் கலந்த தண்ணீர் ஒரு வாளி. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரை வரை, சாப்பாட்டைக்கூட மறந்து, கல்லின் ஒவ்வொரு குழியிலும் பிரஷை விட்டுத் தேய்த்திருக்கிறார். கடைசியில் கல் அன்று விற்ற நிறத்துக்கே வந்துவிட்டது, பிஸ்கட் நிறத்துக்கு. துடைத்துவிட்டு, ஆசையோடு இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்துவிட்டார்.

மற்றதை அத்தான் எங்களிடம் சொன்னபோது, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர் கேட் கிட்டயே நின்னுட்டாங்க. 'தம்பி, அந்தப் பச்சை எங்க?'ன்னாங்க. நான் பெருமையா, 'போயிடுச்சு டீச்சர், ஒரு புள்ளி விடல'ன்னேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படியே கூழாங்கல்லு மேல உக்காந்துட்டாங்க. அது அழுக்கு இல்லையாம். மெத்தைப் பாசியாம். சாரு பதினொரு வருஷமா தினம் காலையில ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிச்சு வளத்ததாம். வர்றவங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய், 'பதினொரு வருஷத்துப் பாசி'ன்னு காட்டுவாராம்."

"டீச்சர் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"'மோட்டாரும் தொட்டியும்தான் சொன்னேன், பாசியை யாராவது சுரண்டுவாங்களான்னு எனக்கென்ன தெரியும்'ங்கிறாங்க. அவங்க சொல்றதும் சரிதானே?"

"சுரண்டினதை எங்க போட்டீங்க?"

"வினிகர் பட்டுச் செத்துடுச்சு. அதுவும் குப்பை வண்டியில போயிடுச்சு." சட்டைப் பையிலிருந்து மூன்று பிரஷையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏதோ குற்றத்தில் பிடிபட்டவை போல அவை வரிசையாகக் கிடந்தன. "சாரு வார்டுல நடக்கவே மாட்டேங்கிறாராம். வலிக்குதாம். டாக்டருங்க என்ன சொன்னாலும் கேக்க மாட்டாராம். டீச்சர் ஒண்ணே ஒண்ணு சொல்லித்தான் நடக்க வைக்கிறாங்களாம். வராந்தாவுல இருந்து அந்தக் கல்லு வரைக்கும் பன்னெண்டு எட்டு. 'பன்னெண்டு எட்டு வைங்க, உங்க பாசி கிட்டப் போயிடலாம்'னு."

அக்கா எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாளே மருத்துவமனைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவதாக அத்தான் சொன்னார். டீச்சர் கூடாது என்றுவிட்டார். "நடக்கிறதை நிறுத்திடுவாரு. நீங்க எப்படியாவது திரும்ப வளத்துக் குடுங்க." இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பதினொரு வருஷத்தை ஐந்து வாரத்தில் வளர்க்க வேண்டும். "ஒரு வாரத்துக்கு ரெண்டு வருஷம், மிச்சமும் கொஞ்சம் வரும்" என்று டீச்சர் மனக்கணக்காகவே சொன்னாராம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

முதல் முயற்சி எங்கள் வீட்டு மிக்ஸியில் நடந்தது. பாசியைத் தயிரோடு அரைத்துக் கல்லில் பூசினால் வளரும் என்று கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் அச்சகத்தின் பின்சுவரில், ஏசி தண்ணீர் சொட்டுகிற இடத்தில், நல்ல பாசி இருந்தது. அத்தானிடம் சொன்னதே நான்தான். அந்தப் பழி எனக்கும் உண்டு. அக்கா வேலையிலிருந்து வந்து மசாலா அரைக்க ஜாரைத் திறந்தாள்.

"என்ன இது பச்சையா?"

நானும் அத்தானும் சுவரைப் பார்த்தோம்.

"மண்ணு வாசனை வருது. மச்சானும் அத்தானும் சேர்ந்து எனக்குக் கஷாயம் வச்சீங்களா?"

"கழுவிட்டேன்னு நெனச்சேன்" என்றார் அத்தான்.

"ஊர்ல இருக்கிற கல்லையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்ப்பீங்க. வீட்டு ஜாரைத் தேய்க்க வராது. இல்ல?"

பூசியது பலிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை முதல் நாளே பாதியை நக்கிவிட்டது. மீதியில் நான்காம் நாள் பாசிக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை வந்தது. கிட்டப் போனால் புளித்த நாற்றம். டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இதுக்குச் சும்மா இருந்த கல்லே மேல்" என்றார்.

இரண்டாவது வாரம் அத்தான் ஊரில் உள்ள சுவர்களையெல்லாம் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தார். பதினொரு வருஷமாகப் பச்சையைக் கண்டால் பிரஷை எடுத்தவர், இப்போது பச்சையைக் கண்டால் சமையலறைக் கரண்டியை எடுத்தார். சலவைக் கடையின் பின்பக்கம், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியின் அடி, பஸ் டிப்போவின் சாக்கடை ஓரம். பாசி அறியாதபடி, மண்ணோடு சேர்த்து, உள்ளங்கை அளவு வில்லைகளாகப் பெயர்த்து, ஈரத் துணியில் சுற்றி எடுத்து வருவார். டிப்போ காவலாளி மட்டும் விடவில்லை.

"என்ன சார் சுரண்டுறீங்க?"

"பாசிங்க."

"எதுக்கு?"

"ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல."

காவலாளி அதை மருந்து என்று நினைத்துக்கொண்டு, தொட்டிக்குப் பின்னால் இதைவிட நல்லது இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம். சர்க்கரை வியாதிக்குக் கேட்குமா என்றும் விசாரித்தாராம்.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வானிலை சார் அத்தானைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தனியாகப் போகப் பயந்து அத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வார்டில் சார் கட்டிலில் சாய்ந்து, ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், கண் மட்டும் துருதுரு என்றிருந்தது.

"வாங்க தம்பி. மோட்டார் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்."

"என் பாசியைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்." அத்தான் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "கையாலயே தொட்டுப் பாத்தேன்."

டீச்சர் ஆரஞ்சுத் தோலை உரிப்பதில் அளவு கடந்த கவனம் செலுத்தினார்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா? வாங்கும்போது நீங்க கருங்கல்லை எடுங்க, கருங்கல்லை எடுங்கன்னு நின்னீங்க. 'இந்த மணற்கல்லுல பாசி பிடிக்குமா?'ன்னு கேட்டேன். 'பிடிக்காமப் பாத்துக்கலாம் சார்'னு சொன்னீங்க." சார் சிரித்தார். "பிடிக்கணும்னுதான் கேட்டேன்! கருங்கல்லு வழுவழுன்னு இருக்கும், அதுல எது ஒட்டும்? மணற்கல்லுதான் தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும். உங்களை நம்பி வாங்கியிருந்தா எனக்குப் பாசியே கிடைச்சிருக்காது."

"ஆமா சார்" என்றார் அத்தான், ஈனக் குரலில்.

"இன்னைக்கு எட்டு எட்டு வச்சேன். இன்னும் நாலு."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார் அத்தான். "பதினொரு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்காரு மச்சான். எனக்குத்தான் காது கேக்கல. ஊருக்கெல்லாம் காதால கேளு, காதால கேளுன்னு நாற்காலி போடுறேன்."

அவர் பையிலிருந்த நடு பிரஷ் சாய்ந்திருந்தது. அதை நேராக்கி வைத்தேன்.

சுவர்ப் பாசி வில்லைகள் பாதிக்குப் பாதி ஒட்டின. சலவைக் கடைப் பாசி கருத்த பச்சை, டிப்போ பாசி மஞ்சள் பாய்ந்தது. இரண்டுக்கும் நடுவில், சரியாகக் கண்ணில் படும் இடத்தில், முறம் அளவுக்கு வெற்றுக் கல் தெரிந்தது. இன்னும் பத்து நாள்தான். அப்போதுதான் அக்கா, "செடி வளக்கிறவங்க கிட்டக் கேக்காம, மிக்ஸி வச்சிருக்கிறவ கிட்டவே வந்து நிக்கிறீங்களே" என்றாள்.

ஊருக்கு வெளியே ஒரு செடிப் பண்ணை இருக்கிறது. அதை நடத்தும் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் குழாய். அத்தான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். தயிர் என்றதும் அந்த அம்மா குழாயை மூடினார்.

"யாருங்க சொன்னது? தயிரைப் பூசினா பூஞ்சைதான் வரும், பாசியா வரும்? அது சரி, இது எந்த வீடு?"

அத்தான் வீட்டைச் சொன்னார். கணக்கு டீச்சர் வீடு, வானிலை சாருடைய கல்.

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் உதட்டோடு, பிறகு தோள் குலுங்க, பிறகு செடி மேஜையைப் பிடித்துக்கொண்டு. முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி சிரித்தார். ஒருத்தருடைய கஷ்டத்துக்கு இவ்வளவு சிரிப்பதா என்று எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

"பாசி எல்லாம் இந்த மாசம் யாருக்கும் இல்லைங்க. ஆனா ஒரே ஒரு தட்டு இருக்கு. வேற ஒருத்தருக்குன்னு எடுத்து வச்சது. அவரு இப்போதைக்கு வர மாட்டாரு. நீங்க எடுத்துக்கோங்க."

"அவரு வந்து கேட்டா?"

"நான் பாத்துக்கிறேன்."

நிழல் வலைக்கு அடியிலிருந்து தட்டை எடுத்து வந்தார். பசுமை என்றால் அப்படி ஒரு பசுமை. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத் துண்டை நகத்தால் கிழித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். விலை எழுதியிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் எப்படி ஒட்டுவது என்று அத்தானுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்லை நன்றாக நனைக்க வேண்டும். களிமண்ணைக் குழைத்து மெல்லிசாகத் தடவி, பாசியை அழுத்தி, நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கும், மழைத் தண்ணீரைத்தான் தெளிக்க வேண்டும். பாசி பிடிக்கும்வரை மோட்டாரைக் குறைத்து வைக்க வேண்டும்.

"வெயில் வந்தா காஞ்சிடும். மறைப்பு கட்டுங்க. அந்த இடத்துல மத்தியானம் சுரீர்னு வெயில் அடிக்கும்" என்றார்.

அந்தத் தோட்டத்தில் மத்தியானம் எங்கே வெயில் அடிக்கும் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பத்து நாளும் அத்தான் கடைக்குப் போகும்முன் டீச்சர் வீட்டுக்குப் போனார். பஞ்சு பிரஷால் பாசிமேல் விழுந்த தூசியைத் தட்டினார். தேய்க்கவில்லை, தட்டினார். டீச்சர் ஸ்ப்ரே பாட்டிலோடு நிற்பார். ஒன்பதாம் நாள் நூலை வெட்டியபோது பாசி விழாமல் நின்றது. டீச்சர் விரல் நுனியால் மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார்.

சார் வந்த அன்று காலை பத்து மணி. அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், "மிக்ஸி குடுத்தவ நான்தானே" என்று. வானிலை சார் நான்கு கால் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வராந்தாவிலிருந்து இறங்கினார். யாரையும் கையைப் பிடிக்க விடவில்லை. நாங்கள் நான்கு பேரும் வாய்க்குள் எண்ணினோம். பன்னிரண்டு. கல்லுக்கு முன்னால் நின்றார். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து, மறுகையால் பாசியைத் தடவினார். மேலிருந்து கீழ். மறுபடியும்.

"இந்த ஓரம் கொஞ்சம் மஞ்சளா இருக்கே."

"வெயில் சார்" என்றார் அத்தான்.

"இந்த ஓரம் கருத்திருக்கே."

"நிழலுங்க" என்றார் டீச்சர்.

"நடுவுல மட்டும் பளபளன்னு புதுசா..."

அத்தானின் கை சட்டைப் பைக்குப் போனது. சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் சார் திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

"நீ தினம் தண்ணி அடிச்சியா?"

"அடிச்சேன். ஒரு நாள் விடல." அது பொய் இல்லை என்பதால் டீச்சரின் குரல் கொஞ்சம் திடமாகவே வந்தது.

"அதான். என்ன இருந்தாலும் பதினொரு வருஷத்துப் பாசி இல்லையா?" என்றார் சார். பிறகு மெதுவாகச் சட்டத்தைச் சுற்றி வைத்து, கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடினார். "சத்தம் கம்மியா இருக்கே தம்பி."

அத்தான் ஓடிப்போய் மோட்டாரைத் திருகினார். தண்ணீர் உச்சியில் பொங்கி இறங்கியது. சார் தலையை ஆட்டினார். அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது டீச்சர் அத்தானை வாசலில் நிறுத்தி, ஒரு சாக்பீஸைக் கொடுத்தார். "இனிமே எந்த வீட்டுக்குப் போனாலும் எதைத் தொடக் கூடாதுன்னு முதல்ல கேளுங்க. கேட்டு, சுத்தி ஒரு கோடு போட்டுட்டு அப்புறம் பிரஷை எடுங்க." அவர் அப்படித்தான் செய்கிறார் இப்போது. காலையில் ஜன்னலோரம் மூன்று பிரஷையும் சரிபார்த்தபின் சாக்பீஸையும் தொட்டுப் பார்க்கிறார். சட்டைப் பைகள் எல்லாம் வெளுத்துவிட்டன என்று அக்கா புலம்புகிறாள். எங்கள் வீட்டுப் பால்கனியில் அவர் தூக்கிவந்து வைத்த சின்ன மணற்கல் ஒன்றில் பச்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. யாராவது அந்தப் பக்கம் துணி துவைத்தால் சத்தம் போடுகிறார்.

நான்கைந்து மாதம் கழித்து, அச்சகத்து ஜன்னலுக்கு ஒரு தொட்டிச் செடி வாங்க நான் மட்டும் அந்தப் பண்ணைக்குப் போனேன். பண்ணை அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். பாசி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது, சாருக்கு இன்றுவரை தெரியவே இல்லை என்றேன். அன்று சிரித்ததைப் போலவே மறுபடி மேஜையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டுச் சொன்னார். வெயில் காலம் முடிந்ததும் அநேகமாக ஒவ்வொரு வருஷமும், காய்ந்துபோன பாசிக்குப் பதிலாக ஒட்டுவதற்கு, டீச்சருக்குத் தெரியாமல் ஒரு தட்டு வாங்கிப் போவது வானிலை சாரின் வழக்கமாம். நாங்கள் எடுத்துப் போனது எட்டாவது தட்டு. அன்று அந்த அம்மா கிழித்துப் பையில் போட்டுக்கொண்ட காகிதத்தில் எழுதியிருந்தது விலை இல்லை, சாருடைய பெயர்.